காந்த நாடா

மறதி மனிதனுக்கு இயல்பு. அதனை வெல்வதற்கு அவன் கண்ட வழி எழுத்து ஆகும். கல்லிலும் ஓலையிலும் தாளிலும் அவன் தன் அறிவை எழுதி வைத்தான். எழுதியதும் ஒரு நாள் அழியக்கூடும் என்பதை உணர்ந்தபோது, ஒன்றைப் பார்த்து மற்றொன்றாகப் படியெடுத்து வைத்தான். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர், எழுதி முடித்த அளவில் தம் வேலை முடிந்ததாகக் கருதமாட்டார். மூலத்தையும் படியையும் ஒப்புநோக்கிப் பிழை களைந்த பின்னரே எழுத்தாணியைக் கீழே வைப்பர். ஒப்புநோக்காத படி நம்பத்தக்கதன்று என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. கணிப்பொறி உலகெங்கும் பரவிவிட்ட இக்காலத்திலும் அவ்வுண்மை மாறவில்லை.

இன்று பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களும், மருத்துவமனையில் நோயாளர்களைப் பற்றிய குறிப்புகளும், வங்கியின் வரவு செலவுக் கணக்குகளும் கணிப்பொறியின் வட்டுகளில் பதிந்து கிடக்கின்றன. வட்டு பழுதடையலாம், பணியாளர் ஒருவர் சோர்வினால் தவறான ஆணையொன்றை இட்டுவிடலாம், நெருப்போ வெள்ளமோ அறை முழுவதையும் அழித்துவிடலாம். ஆதலால் அறிவுடையோர் அவற்றிற்குக் காப்புப்படி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைக்கின்றனர். அத்தகைய படிகளை எழுதுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் பொருளே காந்த நாடா. அது யாது, யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் அதனை எவ்வாறு அமைத்துப் பயன்படுத்துவது, அதில் நேரும் தவறுகள் யாவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இரும்புப் பொருளைக் காந்தமாக்கி ஒலியைப் பதிய வைக்கலாம் என்பதை டென்மார்க் நாட்டினரான வால்டெமார் பௌல்சன் 1898-ஆம் ஆண்டில் செய்து காட்டினார். அவர் கையாண்டது எஃகுக் கம்பி. 1928-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த பிரிட்ஸ் ப்ளாய்மர் என்பவர், தாள் நாடாவின்மீது இரும்புத் துகளைப் பூசும் முறையைக் கண்டறிந்தார். எடை குறைந்த நாடா கிடைக்கவே, ஒலிப்பதிவுக் கலை விரைந்து வளர்ந்தது. 1951-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிவாக் என்னும் கணிப்பொறி, செய்திகளைச் சேமிக்க உலோக நாடாவைப் பயன்படுத்திற்று. அடுத்த ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம், பிளாஸ்டிக் நாடாவைக் கையாளும் பொறி ஒன்றை வெளியிட்டது. அன்று தொட்டு இன்றுவரை நாடாவின் அகலம் பெரும்பாலும் அரை அங்குலமாகவே இருந்துவருகிறது. உருவம் மட்டும் மாறியுள்ளது. முன்னாளில் தட்டுப் போன்ற பெரிய சுருளாக இருந்தது, இப்பொழுது கைக்குள் அடங்கும் பேழையாகிவிட்டது.

நாடாவின் ஒருபுறம் காந்தமாகக்கூடிய நுண்துகள் பூசப்பட்டிருக்கும். நாடா ஓடும்போது, எழுதும் முனை அத்துகள்களைச் சிறுசிறு காந்தங்களாக்கி இரு திசைகளுள் ஒன்றில் நிறுத்துகிறது. இவ்வாறு சுழியும் ஒன்றுமாகிய இரண்டே குறிகளால் எல்லாச் செய்திகளும் பதிகின்றன. 1964-ஆம் ஆண்டு முதல் பரவிய ஒன்பது தட நாடாவில், குறுக்கே ஒன்பது குறிகள் ஒருங்கே எழுதப்படும். அவற்றுள் எட்டு, ஓர் எழுத்தைக் குறிப்பன. ஒன்பதாவது, மற்ற எட்டும் பழுதின்றி உள்ளனவா என்பதைச் சோதிக்க உதவுவது. எழுதும்போதே பிழைக்கு ஒரு காவலாளியையும் உடன் நிறுத்திய அறிஞர்களின் முன்னறிவு போற்றத்தக்கது.

வட்டுக்கும் நாடாவுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. புத்தகத்தில் 90-ஆம் பக்கம் வேண்டுமாயின், உடனே அப்பக்கத்தைத் திறந்துவிடலாம். வட்டும் ஏறக்குறைய அத்தகையது. நாடாவோ சுருட்டி வைத்த துணியைப் போன்றது. துணியின் மறுகோடியில் உள்ள கரையைக் காண வேண்டுமாயின், முழுவதையும் விரித்தே ஆகவேண்டும். ஆகவே நாடாவில் எழுதுவோர், தாம் இப்பொழுது எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதை எப்பொழுதும் நினைவிற் கொள்ள வேண்டும். இந்த ஒரு செய்தியை மறந்ததனால் விளைந்த இழப்புகள் பலவாகும்.

நாடாவில் எழுத்துகள் இடைவிடாது எழுதப்படுவதில்லை. தொகுதி தொகுதியாக எழுதப்படுகின்றன. பழைய பொறிகளில் ஒரு தொகுதி முடிந்ததும் நாடா நிற்கும். மீண்டும் ஓடத் தொடங்கும். ஓடும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த இயலாதது போலவே, நாடா நிற்பதற்கும் வேகம் பெறுவதற்கும் சிறிது இடம் வேண்டும். அதற்காகத் தொகுதிகளுக்கு இடையே வெற்றிடம் விடப்பட்டது. இதனால் விளையும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சுருளின் நீளம் 2,400 அடி. அதாவது 28,800 அங்குலம். அங்குலத்திற்கு 1,600 எழுத்துகள் என்றும், இடைவெளி 0.6 அங்குலம் என்றும் கொள்வோம். தொகுதிக்கு 512 எழுத்துகள் வீதம் எழுதினால், எழுத்து 0.32 அங்குலத்திலும், வெற்றிடம் 0.6 அங்குலத்திலும் அமையும். சுருள் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் எழுத்துகளே கொள்ளும். அத்தகைய 20 துண்டுகளைச் சேர்த்து, தொகுதிக்கு 10,240 எழுத்துகளாக எழுதினால், எழுத்து 6.4 அங்குலமும் வெற்றிடம் அதே 0.6 அங்குலமுமாகும். அப்பொழுது அதே சுருளில் ஏறத்தாழ 4 கோடியே 21 இலட்சம் எழுத்துகள் அடங்கும். பொருள் ஒன்றே, அமைப்பை அறிந்து கையாள்வோருக்கு அது இரண்டரை மடங்கு பயன் தருகிறது.

இனி யூனிக்ஸ் முறைமையைப் பார்ப்போம். இது 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர்களால் தொடங்கப்பெற்றது. இதன் சிறந்த கருத்துகளுள் ஒன்று, கணிப்பொறியுடன் இணைந்த கருவி ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகவே காட்டுவது. கோப்பில் எழுதுவதற்கும் நாடாவில் எழுதுவதற்கும் ஒரே வகை ஆணை போதும். கருவிகளின் பெயர்கள் யாவும் 'டெவ்' என்னும் கோப்பகத்தில் இருக்கும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி நாடாவில் எழுதும் 'டார்' என்னும் ஆணை, 1979-ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. அது இன்றும் வழக்கில் உள்ளது. மேலே கண்ட 512 எழுத்துத் துண்டும், 20 துண்டுகள் கூடிய தொகுதியும் அவ்வாணைக்கு உரியனவே.

நாடாப்பொறியைப் புதிதாக இணைப்போர் முதலில் கம்பி வடத்தைக் கவனித்தல் வேண்டும். நெடுங்காலம் வழங்கிய ஸ்கசி என்னும் முறையில், ஒரே வடத்தில் பல கருவிகள் தொடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தரவேண்டும். ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால், அஞ்சற்காரர் கடிதத்தை எங்குக் கொடுப்பார்? அவ்வாறே இரு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்தால் இரண்டும் குழம்பும். மேலும் வடத்தின் இரு முனைகளிலும் முடிப்பான் என்னும் சிறு பொருளைப் பொருத்த வேண்டும். பொருத்தாவிடின் மின்குறிகள் முனையில் மோதித் திரும்பி, பின்வரும் குறிகளைக் கெடுத்துவிடும். இக்காலத்துப் புதிய இணைப்புகளில் இவ்வேலைகள் தாமாகவே நடைபெறுகின்றன.

அடுத்து, முறைமையின் கருவாகிய கெர்னல் அப்பொறியை அறிந்துகொண்டதா என்று பார்க்க வேண்டும். கணிப்பொறி தொடங்கும்போது அது கண்ட கருவிகளையெல்லாம் வரிசையாக அறிவிக்கும். அவ்வறிவிப்பில் நாடாப்பொறி இல்லையெனில், வடத்தையோ, பொறியை நடத்தும் இயக்கி என்னும் நிரலையோ சரிபார்த்தல் வேண்டும். பின்னர் 'எம்டி' என்னும் ஆணையால் நாடாவின் நிலையைக் கேட்கலாம். நாடா ஏற்றப்பட்டுள்ளதா, தொடக்கத்தில் நிற்கிறதா, எழுதத் தடையுள்ளதா என்பனவற்றை அது கூறும். கேட்டறியாமல் எழுதத் தொடங்குவது, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

இங்கே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. ஒரே நாடாப்பொறிக்கு யூனிக்ஸ் முறைமையில் இரண்டு பெயர்கள் உண்டு. யூனிக்ஸ் வழியில் அமைந்த லினக்ஸில், முதற் பொறியின் ஒரு பெயர் 'எஸ்டி-0'. மற்றொரு பெயர் 'என்எஸ்டி-0'. முதற்பெயரால் எழுதினால், வேலை முடிந்தவுடன் நாடா தானாகவே தொடக்கத்திற்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாம் பெயரால் எழுதினால், எழுதி முடித்த இடத்திலேயே நின்றுவிடும். பெயரில் ஓரெழுத்தே வேறுபாடு. விளைவில் உள்ள வேறுபாடோ பெரிது.

ஓர் அலுவலகத்தில் பணியாளர் ஒருவர் மாணவர்களின் மதிப்பெண்களை முதலிலும், கட்டணக் கணக்கைப் பின்னரும் ஒரே நாடாவில் எழுத எண்ணினார் எனக் கொள்வோம். இரண்டு முறையும் அவர் சுற்றிக்கொள்ளும் பெயரையே பயன்படுத்தினார். மதிப்பெண்கள் எழுதப்பட்டன, நாடா தொடக்கத்திற்குத் திரும்பிற்று, கட்டணக் கணக்கு மதிப்பெண்களின் மேலேயே எழுதப்பட்டது. பொறி யாதொரு பிழையும் கூறவில்லை. அதற்கு இட்ட ஆணையை அது செவ்வனே நிறைவேற்றியது. பணியாளரும் நாடாவின்மீது இரண்டின் பெயரையும் அழகுற எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆறு திங்களுக்குப் பின் வட்டு பழுதாகி மதிப்பெண்களைத் தேடும்போதுதான், பூட்டிய பெட்டியில் இருப்பது வெறும் பெயர்ச்சீட்டே என்பது தெரியவரும். ஒரு மாணவனின் மேற்படிப்பு அம்மதிப்பெண்களை நம்பி நின்றிருந்தால், அவன் நிலை என்னாவது?

ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக எழுத விரும்புவோர், சுற்றிக்கொள்ளாத பெயரையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் முடிவுக் குறி ஒன்று பதியும். பின்னர் இரண்டாம் பகுதி வேண்டுமாயின், நாடாவைத் தொடக்கத்திற்குச் சுற்றி, 'ஒரு முடிவுக் குறியைக் கடந்து செல்க' என எம்டி ஆணைக்குக் கூறினால் போதும். முன்னரே எழுதிய நாடாவில் மேலும் சேர்க்க விரும்பினால், எழுத்து முடியும் இடம்வரை சென்ற பின்னரே எழுதத் தொடங்க வேண்டும். இடையில் எழுதினால், அதற்கு அப்பால் இருப்பவற்றைப் பொதுவாகப் பின்னர்ப் படிக்க இயலாது.

தொகுதியின் அளவிலும் எழுதுவோரும் படிப்போரும் ஒத்திருக்க வேண்டும். பெரிய தொகுதியாக எழுதியதைச் சிறிய தொகுதியாகப் படிக்க முயன்றால், பொறி மறுத்துவிடும். இந்த அளவை எம்டி ஆணையால் அமைக்கலாம். சுழி என்று அமைத்தால், எவ்வளவில் எழுதப்பட்டாலும் அவ்வளவில் ஏற்றுக்கொள் என்பது பொருள். எழுதிய அளவை நாடாவின் பெயர்ச்சீட்டில் குறித்து வைப்பது, பின்வருவோருக்குச் செய்யும் பேருதவியாகும்.

நாடாப்பொறிக்கு இடையறாது செய்தி ஊட்டுவதும் இன்றியமையாதது. கணிப்பொறி மெதுவாக அனுப்பினால், ஓடும் நாடா எழுதுவதற்கு ஒன்றுமின்றி நிற்கும், சற்றுப் பின்வாங்கும், மீண்டும் ஓடும். காலணிக்கு மெருகேற்றும் துணி முன்னும் பின்னும் இழுபடுவதுபோல நாடாவும் இழுபட்டுத் தேயும், காலமும் வீணாகும். இதனைத் தவிர்க்க, செய்தியை முதலில் வட்டில் திரட்டிக்கொண்டு பின்னர் விரைவாக எழுதுவதும் உண்டு.

எழுதிய நாடாவைக் காக்க எளிய முறையொன்று இருந்தது. பழைய சுருளின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருந்தியிருக்கும். வளையம் இருந்தால்தான் பொறி எழுதும்; அதனை அகற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். இன்றைய பேழைகளில் வளையத்திற்கு மாற்றாக ஒரு சிறு தாழ் உண்டு. படி எடுத்தவுடன் வளையத்தைக் கழற்றுபவர், தம் நாளைய மறதியிடமிருந்தே நாடாவைக் காப்பவர் ஆவார்.

இவையனைத்தையும் சரிவரச் செய்தபின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது; அதுவே தலையாயது. எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும். நாடாவில் உள்ளவற்றின் பட்டியலைக் கேட்டல் முதற்படி. வட்டில் உள்ள மூலத்தோடு ஒப்பிடுதல் இரண்டாம் படி. வேறோர் இடத்தில் கோப்புகளை மீண்டும் விரித்து, அவற்றைத் திறந்து பார்த்தல் மூன்றாம் படி. இதனைச் செய்யாதவர் படி எடுத்ததாக நம்புகின்றனரேயன்றி, படி எடுத்தவர் ஆகார்.

இதற்கு ஒரு சான்று காண்போம். 1998-ஆம் ஆண்டில் பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் சித்திரப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். ஒருநாள் அழிக்கும் ஆணையொன்று தவறாக இடப்பட, படத்தின் கோப்புகள் கண்ணெதிரிலேயே மறையத் தொடங்கின. கணிப்பொறியை நிறுத்துவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காப்புப்படி இருக்கிறதே என்று எண்ணி எடுத்துப் பார்த்தபோது, படியெடுக்கும் முறையே சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்பது புலனாயிற்று. அப்படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், குழந்தையைப் பேணும் பொருட்டு வீட்டிலிருந்தே பணியாற்றியவர். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அதனைப் போர்வையில் பொதிந்து, காரில் ஏற்றி, மெல்லக் கொண்டுவந்தனர். பலருடைய நெடுநாள் உழைப்பு ஒரு தற்செயலால் பிழைத்தது. தற்செயலை நம்பி எவரும் வாழ்தல் இயலாது.

நன்கு பேணிய நாடா தக்க காலத்தில் கைகொடுத்ததும் உண்டு. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கூகுள் நிறுவனத்தின் மின்னஞ்சல் சேமிப்பு மென்பொருளில் பிழையொன்று புகுந்தது. அதனால் பதினாயிரவரில் இருவர் என்னும் அளவில் பயனாளர்களின் அஞ்சல்கள் மறைந்தன. பல இடங்களில் படிகள் இருந்தும், அவை யாவும் ஒரே மென்பொருளோடு இணைந்திருந்தமையால் பிழை அவற்றையும் பற்றிற்று. பொறியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட நாடாக்களை அப்பிழை அணுகமுடியவில்லை. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன. நாடா பழங்கருவி என்று இகழ்வோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த எல்.டி.ஓ.-9 வகைப் பேழை ஒன்றில், 18 இலட்சம் கோடி பைட் அளவுள்ள செய்திகள் அடங்குகின்றன.

யூனிக்ஸ் முறைமையின் வரலாற்றையும் ஒரு நாடாவே காத்தது. 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, 'சி' என்னும் மொழியில் கருப்பகுதி திருத்தி எழுதப்பெற்ற சிறப்புடையது. அப்பதிப்பின் முழுமையான படி நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பழம்பொருள் அறையொன்றைத் துப்புரவு செய்தபோது, அப்பதிப்பின் பெயர் எழுதப்பட்ட சுருள் ஒன்று அகப்பட்டது. அதனைக் கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றனர். வல்லுநர்கள் நாடாவின் காந்தக் குறிகளை மிகுந்த கவனத்தோடு பதிவு செய்து, அதே ஆண்டு டிசம்பரில் எழுத்துகளை மீட்டனர். அரை நூற்றாண்டுப் பழமையுடைய நாடா பேசியது! எழுதியவரின் செம்மையும், பெயர்ச்சீட்டு ஒட்டியவரின் பொறுப்பும் சேர்ந்தே அதனைப் பேச வைத்தன.

மாணவர்களே! நாடாவை அமைக்கும் பணி பிறர் கண்ணில் படாதது; பாராட்டும் பெறாதது. எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் அதன் அருமை தெரிவதில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் வாழ்வும் அந்த மெல்லிய நாடாவில் தங்கியிருக்கக்கூடும். சரியான பெயரைத் தேர்ந்து, சரியான இடத்தில் நின்று, சரியான அளவில் எழுதி, எழுதியதைப் படித்தும் பார்க்கின்ற பணியாளர், ஒப்புநோக்கிய பின்னரே எழுத்தாணியைக் கீழே வைத்த பழைய ஏடெழுதுவோரின் வழிவந்தவர் ஆவார். நீங்களும் எப்பணியை மேற்கொண்டாலும், முடித்துவிட்டோம் என்று எழுமுன் ஒருமுறை திரும்பிப் படித்துப் பாருங்கள்.